காயத்துக்கு இடும் பாக்டீரியா செல்லுலோஸ் படலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில், சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் இரண்டு அறைகளில் நாங்கள் பாக்டீரியா செல்லுலோஸ் படலம் வளர்க்கிறோம். கல்லூரி மாணவர்கள், தீக்காய வார்டில் வேலை பார்க்கும் செவிலியர்கள், சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள், மகளிர் குழு அக்காமார் என்று பலரும் போன் செய்து கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறோம். இவற்றில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால், கழுவுவது பற்றிய கேள்வியைப் படியுங்கள்.

இது என்ன பொருள்? பார்க்க எப்படி இருக்கும்?

காய்ச்சிய பாலை ஆறவிட்டால் மேலே ஆடை படியும் இல்லையா? அதுபோல, சர்க்கரை கலந்த நீரில் ஒரு வகை பாக்டீரியாவை விட்டு அசையாமல் வைத்தால், சில நாளில் மேற்பரப்பு முழுக்க ஓர் ஆடை படியும். பாலாடை கொழுப்பும் புரதமும். இது செல்லுலோஸ், அதாவது பருத்தியில் இருக்கும் அதே பொருள். கையில் எடுத்தால் தட்டையாக்கிய நுங்கு மாதிரி வழுவழுப்பாக, குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் நுங்கைப் போலப் பிய்ந்து வராது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாலும் தாங்கும்.

காரணம் அதன் இழை. பருத்தி இழை ஒன்று பத்து இருபது மைக்ரான் தடிமன். பாக்டீரியா சுரக்கும் இழைநாடா 100 நானோமீட்டருக்கும் குறைவு. அத்தனை மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடைவெளிகளில் தண்ணீர் தங்கிவிடுகிறது. காயாத படலத்தின் எடையில் ஏறக்குறைய 99 சதவீதம் தண்ணீர்தான். மரத்திலிருந்து எடுக்கும் செல்லுலோஸில் லிக்னின், ஹெமிசெல்லுலோஸ் போன்ற மற்ற மரப்பொருள்களும் கலந்திருக்கும். இதில் அவை கிடையாது. இதில் இருக்கும் அழுக்கு பாக்டீரியாவின் உடலும், அது வளர்ந்த நீரின் மிச்சமும்தான்.

யார் கண்டுபிடித்தது?

காடி, அதாவது வினிகர், புளிக்கவைத்தவர்கள் எல்லா ஊரிலும் இதைப் பார்த்துத்தான் இருப்பார்கள். அந்த ஆடை செல்லுலோஸ் என்று 1886இல் எழுதிக் காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஏட்ரியன் ஜான் பிரவுன். பாக்டீரியாவின் பெயர் அதன்பின் பலமுறை மாறியது. பழைய ஆய்வுத்தாள்களில் அசிட்டோபாக்டர் சைலினம் என்றும், பிறகு குளுக்கோனசிட்டோபாக்டர் என்றும், இப்போது கொமகாடேய்பாக்டர் சைலினஸ் என்றும் இருக்கும். மாணவர்கள் மூன்று வேறு உயிரிகள் என்று நினைத்துக் குழம்புகிறார்கள். மூன்றும் ஒன்றுதான். காயத்துக்கான விற்பனைப் பொருளாக இதை முதலில் கொண்டுவந்தது பிரேசில், 1980களில். 'பயோஃபில்' என்ற பெயரில் தற்காலிகத் தோல் போலப் பயன்பட்டது.

ஜிகர்தண்டாவில் போடும் வழுவழுப்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஜிகர்தண்டாவில் இருப்பது கடற்பாசி அல்லது பாதாம் பிசின். ஆனால் டப்பாவில் வரும் சில பழச்சாறுகளில் 'நாட்டா டி கோகோ' என்று வெள்ளைத் துண்டுகள் மிதக்குமே, அது இதே செல்லுலோஸ்தான். பிலிப்பைன்ஸில் தேங்காய்த் தண்ணீரில் வளர்க்கிறார்கள். பொருள் ஒன்று, தரம் வேறு. வாயில் போடும் தரத்தைக் காயத்தில் போட முடியாது.

காயத்துக்கு ஏன் இது? காஸ் துணி போதாதா?

காஸ் துணியைப் பிரிக்கும்போது நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராது. தீக்காயத்திலிருந்து கசியும் நீர் காஸின் கண்களுக்குள் இறங்கிக் காய்ந்து, துணியும் புண்ணும் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் கட்டு மாற்ற, சலைன் ஊற்றி ஊற்றி நனைத்து, ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் தூக்குவார்கள். அப்படியும் புதிதாகப் படர்ந்த மெல்லிய தோல் துணியோடு வந்துவிடும். அடியில் சிவப்பாகப் புள்ளிப் புள்ளியாக இரத்தம் துளிர்க்கும். ஒரு நாள் முழுக்க உடம்பு கட்டிய வேலை ஒரு நிமிடத்தில் போய்விடுகிறது. சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு விபத்துகளில் அடிபட்டு மதுரைக்கு வருகிறவர்களின் குடும்பங்களுக்கு இந்த வேதனை நன்றாகத் தெரியும்.

தீப்பட்டவரை வாழை இலையில் கிடத்துவது நம் பக்கத்துப் பழக்கம். இன்றும் சில மருத்துவமனைகளில் சுத்தம் செய்த வாழை இலையைக் கட்டுக்குப் பயன்படுத்துகிறார்கள். இலையின் மெழுகுப் பரப்பு புண்ணில் ஒட்டாது என்பதுதான் அதன் பலம். செல்லுலோஸ் படலமும் முதலில் அந்த வேலையைச் செய்கிறது. அதற்கு மேலும் மூன்று வேலைகள் செய்கிறது. புண்ணின் மேடு பள்ளத்துக்கு ஏற்பப் படிந்துகொள்கிறது. ஈரத்தை விடாமல் வைத்திருக்கிறது. ஈரமான புண்ணில் தோல் வேகமாகப் படரும் என்பதை ஜார்ஜ் விண்டர் 1962இலேயே பன்றித் தோலில் காட்டிவிட்டார். மூன்றாவது, மெல்லிய படலம் கண்ணாடி போலத் தெரிவதால் கட்டைப் பிரிக்காமலேயே உள்ளே சீழ் வைத்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

படலம் இட்டவுடனே எரிச்சல் குறைகிறது என்றுதான் நோயாளிகள் முதலில் சொல்வார்கள். திறந்து கிடக்கும் நரம்பு நுனிகள் மூடப்படுவதும், ஈரம் காயாமல் இருப்பதும் காரணம். புண் ஆறும்போது படலம் ஓரத்திலிருந்து தானாகக் காய்ந்து விலகும். அதுவரை பிரிக்கத் தேவையில்லை.

எந்தக் காயத்துக்கு ஆகாது?

சீழ் பிடித்த புண்ணை இதைக் கொண்டு மூடவே கூடாது. இந்தப் படலத்துக்குத் தன்னளவில் கிருமியைக் கொல்லும் சக்தி கிடையாது. உள்ளே கிருமி இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் இது ஈரமான வீடு கட்டிக்கொடுக்கும். முழு ஆழத்துக்கு வெந்த தீக்காயத்துக்குத் தோல் ஒட்டுச் சிகிச்சைதான் வழி. அதுவரை தற்காலிகமாக மூடி வைக்க வேண்டுமானால் மருத்துவர் முடிவு செய்வார். நீர் நிறையக் கசியும் புண்ணில், ஏற்கெனவே நீர் நிரம்பிய படலம் மேற்கொண்டு அதிகம் உறிஞ்சாது. சர்க்கரை நோயாளியின் காலில் வரும் புண்ணுக்கு இதை இடுவதற்கு முன் இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா, செத்த சதை நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலணி மாற்றாமல், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காமல், எந்தப் படலத்தாலும் அந்தப் புண் ஆறாது.

வளர்ப்பது எப்படி?

பாக்டீரியாவைச் சண்டிகரிலுள்ள எம்.டி.சி.சி., புனேயிலுள்ள என்.சி.ஐ.எம். ஆகிய அரசு சேமிப்பகங்களிலிருந்து பணம் கட்டி வாங்கலாம். எண்ணிட்ட வித்தாக வாங்குங்கள். பின்னாளில் "இது எங்கிருந்து வந்தது?" என்று அதிகாரி கேட்கும்போது காட்ட ஒரு தாள் வேண்டும்.

வளர்ப்பு நீருக்கு ஹெஸ்ட்ரின், ஷ்ராம் என்ற இருவர் 1954இல் கொடுத்த அளவைத்தான் உலகம் முழுக்க இன்றும் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். லிட்டருக்குக் குளுக்கோஸ் 20 கிராம், பெப்டோன் (புரதத்தைச் சிதைத்துச் செய்த சத்துத்தூள்) 5, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5, டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 2.7, சிட்ரிக் அமிலம் 1.15 கிராம். பி.எச்., அதாவது புளிப்பு, கார அளவை, 6ஐ ஒட்டி வைக்க வேண்டும். கிருமி சாக ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவிக் கலனில், 121 டிகிரியில் 20 நிமிடம். குளுக்கோஸைத் தனியாகக் கரைத்து, தனியாக வேகவைத்துப் பிறகு சேர்ப்பது நல்லது. பெப்டோனோடு சேர்த்து வேகவைத்தால் நீர் பழுப்பாகிவிடும், அந்தப் பழுப்பு படலத்திலும் ஏறும்.

இரண்டு மூன்று நாள் வளர்ந்த வித்துநீரை நன்றாகக் குலுக்கி, அதில் படிந்திருக்கும் சிறு படலத்திலிருந்து பாக்டீரியாவை உதிர்த்து, கிருமிநீக்கிய துணியில் வடித்து, பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் புது நீரில் கலக்கிறோம். தட்டில் ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றுகிறோம். இங்கேதான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். அதிகம் வேண்டும் என்று உயரமான பாத்திரத்தில் ஊற்றிவிடுகிறார்கள். இந்த பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். நீரும் காற்றும் சேரும் மேற்பரப்பில் மட்டுமே அது ஆடை கட்டும். குடம் நிறைய ஊற்றினாலும் குடத்தின் வாயளவு ஆடைதான் கிடைக்கும். பரந்த தட்டு வேண்டும்.

மூன்றாம் நாள் தட்டைச் சாய்த்துப் பார்க்காமல், ஓரமாக டார்ச் அடித்துப் பார்த்தால், நீரின் மேல் மெல்லிய பனிப்படலம் போல ஒன்று தெரியும். அதன்பின் நாளுக்கு நாள் தடிக்கும். புதிய அடுக்கு மேலே காற்றுப் பக்கம் கட்டப்படும், பழைய அடுக்கு கீழே தள்ளப்படும். ஏழு முதல் பத்து நாளில் சில மில்லிமீட்டர் தடிமன் வந்துவிடும். மேற்பக்கம் நெருக்கமாகவும் அடிப்பக்கம் சற்று நெகிழ்வாகவும் இருக்கும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று எடுக்கும்போதே குறித்து வைப்பது எங்கள் வழக்கம்.

தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தால் காற்று அதிகம் கிடைத்து வேகமாக வளருமே?

வளரும், ஆனால் ஆடையாக வராது. சிறு சிறு உருண்டைகளாகவும் நார்க் கட்டிகளாகவும் வரும். அதைவிடப் பெரிய சிக்கல், தொடர்ந்து ஆட்டினால் செல்லுலோஸ் கட்டாத மாற்றுவகைகள் பெருகிவிடும். ஒரு சதவீதம் எத்தனால் சேர்ப்பது இந்த மாற்றுவகைகளை அடக்க உதவுகிறது, விளைச்சலையும் கூட்டுகிறது.

வளரும் தட்டை ஒரு முறை நகர்த்தினால் கூடத் தண்டனை உண்டு. புது அலமாரி வந்த நாளில் நாங்கள் ஐந்து நாள் வளர்ந்த தட்டுகளை இடம் மாற்றினோம். ஆடை ஒரு பக்கம் சாய்ந்து நீருக்குள் முங்கியது. அதன் மேல் புதிதாக இன்னொரு ஆடை கட்டியது. அறுவடையில் பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. கழுவும்போது இரண்டும் பரோட்டா அடுக்கு பிரிவதைப் போலப் பிரிந்து வந்தது. அந்த வாரம் முழுவதும் வீண். இப்போது தட்டு ஏற்றிய அலமாரியை அறுவடை வரை யாரும் தொடுவதில்லை.

மதுரை வெயிலில் இது வளருமா?

28 முதல் 30 டிகிரி வரை இதற்குப் பிடித்த சூடு. மார்கழியில் மதுரையில் அறை தானாகவே பக்கத்தில் வந்துவிடும். சித்திரை, வைகாசியில் வெளியே 40ஐத் தொடும்போது மூடிய அறைக்குள் பாக்டீரியா சோர்ந்துவிடும், அந்த நேரத்தில் பூஞ்சை முந்திக்கொள்ளும். குளிரூட்டிய அறை இல்லாமல் கோடையில் மருத்துவத் தரத்துக்கு வளர்க்க முடியாது. மின்சாரம் போனால் தாங்க ஏற்பாடு வேண்டும். குளிரூட்டியின் காற்று நேராகத் தட்டில் படக்கூடாது, மேற்பரப்பு சிலிர்த்து ஆடை மேடும் பள்ளமுமாகிவிடும்.

வளரும் அறை காடி வாசம் அடிக்கும். அந்த வாசத்துக்குப் பழ ஈ எங்கிருந்தோ வந்துவிடும். வலை போட்டால் போதாது, நெருக்கமாக நெய்த துணியாலோ காற்று புகும் வடிகட்டித் தாளாலோ மூடுங்கள். ஆடைக்கு அடியில் குமிழ் குமிழாகக் காற்று சேர்ந்து அதைத் தூக்கினால், பெரும்பாலும் ஈஸ்ட் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தட்டைக் காப்பாற்ற முயலாதீர்கள்.

"அண்ணே, எங்க தோப்புல கொப்பரைக்கு உடைக்கிறப்ப தேங்காய்த் தண்ணி வாய்க்கால்ல ஓடுது. அதுல வளர்க்கலாமா?"

சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. வளர்க்கலாம், நன்றாகவே வளரும். சர்க்கரையும் தாது உப்பும் அதிலேயே இருக்கின்றன. நைட்ரஜன் சத்தும், கொஞ்சம் கூடுதல் சர்க்கரையும், புளிப்புக்கு அசிட்டிக் அமிலமும் சேர்த்தால் போதும். உணவுக்கோ, தோல் மாதிரித் துணிக்கோ வளர்ப்பதாக இருந்தால் இன்றே ஆரம்பிக்கலாம்.

மருத்துவத்துக்கு என்றால் விஷயம் வேறு. முற்றிய காயின் தண்ணீர் ஒரு மாதிரி, இளங்காயின் தண்ணீர் ஒரு மாதிரி. உடைத்து நாலு மணி நேரம் வெயிலில் இருந்தால் அதுவே வேறு தண்ணீர். ஒவ்வொரு பானையும் வேறு வேறாக இருந்தால் ஒவ்வொரு படலமும் வேறு வேறாகத்தான் வரும். மருத்துவப் பொருளுக்கு நூறாவது படலமும் முதல் படலமும் ஒன்றாக இருக்க வேண்டும். உடைத்தவுடன் வடித்து, குளிரவைத்து, சர்க்கரை அளவும் பி.எச்.சும் பார்த்து, எந்தத் தோப்பு எந்தத் தேதி என்று எழுதி வைக்க முடிகிறவர்களோடு பேச நாங்கள் ஆவலாக இருக்கிறோம். வாய்க்காலில் ஓடும் அந்தத் தண்ணீர் வீணாவது எங்களுக்கும் மனதை உறுத்துகிறது.

பெப்டோன் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கும் பெப்டோன் பலவும் மாட்டு இறைச்சியிலிருந்தோ பாலிலிருந்தோ எடுத்தவை. விலங்கிலிருந்து வந்த மூலப்பொருள் என்றால் நோய் பரவல் பற்றிய கேள்விகளுக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டிவரும். நாங்கள் சோயா பெப்டோனுக்கு மாறிவிட்டோம்.

வீட்டில் கொம்புச்சா (புளிக்கவைத்த தேநீர்) போடுகிறேன். அந்த ஆடையைக் கழுவிப் புண்ணில் வைக்கலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். கொம்புச்சா ஆடையில் ஒரு பாக்டீரியா மட்டும் இல்லை. பலவகை பாக்டீரியாவும் ஈஸ்டும் கூட்டுக்குடித்தனம் செய்கின்றன. குடிக்கும்போது வயிற்று அமிலம் காவல் இருக்கிறது. திறந்த புண்ணுக்குக் காவல் கிடையாது.

கழுவுவது எப்படி? அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

வளர்ப்பது பாக்டீரியாவின் வேலை. கழுவுவது நம் வேலை. நல்ல படலத்துக்கும் ஆபத்தான படலத்துக்கும் வித்தியாசம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. எடுத்த உடனே படலம் மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். இழைகளுக்கு நடுவே கோடிக்கணக்கான பாக்டீரியா சிக்கிக் கிடக்கின்றன. அவற்றைக் கொன்றால் மட்டும் போதாது, உடலையும் வெளியே எடுக்க வேண்டும்.

முதலில் ஓடும் நீரில் அலசி, மேலோட்டமான வளர்ப்பு நீரைப் போக்குகிறோம். பிறகு காஸ்டிக் சோடா கரைசல். 0.1 முதல் 1 மோலார் வரை பலரும் பயன்படுத்துகிறார்கள். 1 மோலார் என்றால் லிட்டருக்கு 40 கிராம். 80, 90 டிகிரிச் சூட்டில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். காரம் செல்லைப் பிளந்து, புரதத்தையும் நியூக்ளிக் அமிலத்தையும் கரைத்து வெளியே தள்ளும். நீர் தேநீர் நிறத்துக்கு வரும். அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் புதுக் கரைசல். இரண்டாவது முறையில் நிறம் குறையும், மூன்றாவதில் ஏறக்குறைய தெளியும். அப்போது படலத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எதிரே இருக்கும் சுவர்க் கடிகாரத்தின் முள் தெரியும். அது தெரியாவிட்டால் நாங்கள் அடுத்த படிக்குப் போவதில்லை.

வேகம் வேண்டும் என்று காரத்தைக் கூட்டாதீர்கள். பத்து சதவீதத்தை நெருங்கினால் செல்லுலோஸின் படிக அமைப்பே மாறத் தொடங்கும், படலம் சுருங்கிப் பலம் குறையும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் சூடான காரத்தின் பக்கம் போகவே கூடாது.

பிறகு காரம் போகும் வரை நீரில் ஊறவைத்து மாற்றி மாற்றி அலச வேண்டும். இது சலிப்பான வேலை, ஆனால் அவசரப்படுத்த முடியாது. மேலே இருக்கும் நீரில் பி.எச். 7 காட்டும், படலத்தின் நடுவில் காரம் அப்படியே இருக்கும். ஆரம்பத்தில் நாங்கள் இப்படி ஏமாந்திருக்கிறோம். சாயங்காலம் 7 காட்டிய தொட்டி காலையில் 9 காட்டியது. இரவு முழுக்க நடுவிலிருந்து காரம் கசிந்து வந்திருக்கிறது. அந்தப் படலத்தைக் காலையில் பார்க்காமல் பேக் செய்திருந்தால் யாரோ ஒருவருடைய வெந்த தோலில் காரம் பட்டிருக்கும். அன்றிலிருந்து, ஓர் இரவு மூடி வைத்து மறுநாள் பி.எச். மாறவில்லை என்று பார்த்த பிறகே 'கழுவியாயிற்று' என்று நோட்டில் எழுதுகிறோம்.

தண்ணீரும் முக்கியம். மதுரைப் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமும் உள்ளது. காரத்தோடு சேர்ந்தால் சுண்ணாம்பு வெள்ளை படிந்து படலத்தில் திட்டாக நிற்கும். முதல் அலசலிலிருந்தே ஆர்.ஓ. நீர் வேண்டும், கடைசி அலசலுக்கு ஊசிமருந்துத் தரத்து நீர்.

கழுவியது போதும் என்று எப்படித் தெரியும்?

கண்ணுக்குத் தெரிவது பாதிதான். கடைசி அலசல் நீரை 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பார்த்தால் புரதம் மிச்சமிருப்பது தெரியும். உலர்த்திய துண்டை அகச்சிவப்பு நிறமாலையில் பார்க்கும் மாணவர்கள் 1640 என்ற அலையெண் பக்கம் ஒரு மேட்டைப் பார்த்துப் புரதம் என்று பதறுகிறார்கள். செல்லுலோஸ் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரும் அங்கேதான் காட்டும். 1540 பக்கம் பாருங்கள், அங்கே மேடு இருந்தால் கவலைப்படலாம்.

எண்டோடாக்சின் என்கிறார்களே, அது என்ன?

இந்த பாக்டீரியா கிராம் நெகட்டிவ் வகை. அதன் வெளிச்சுவரில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருள்தான் எண்டோடாக்சின். இரத்தத்தில் கலந்தால் காய்ச்சல், அதிகமானால் உயிருக்கே ஆபத்து. இதில் மறக்கக்கூடாத விஷயம், செத்த பாக்டீரியாவிலிருந்தும் அது வரும், ஆட்டோகிளேவில் வைத்தாலும் போகாது. "121 டிகிரியில் வைத்துவிட்டோம், சுத்தம்" என்று சொல்கிறவர்கள் உயிருள்ள கிருமி இல்லை என்றுதான் சொல்ல முடியும். கண்ணாடிப் பாத்திரத்தில் அதை ஒழிக்க 250 டிகிரி உலர்சூட்டில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். படலத்தை அப்படிச் சுட முடியாது என்பதால் காரக் கழுவலும் சுத்த நீரும்தான் ஒரே வழி.

சோதிக்கும் முறை, குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து எடுக்கும் எல்.ஏ.எல். கரைசல். இரத்தத்தோடு தொடர்புபடும் கருவிகளுக்கு ஒரு கருவிக்கு 20 எண்டோடாக்சின் அலகு என்பது பரவலாகப் பின்பற்றும் எல்லை. மூளைத் தண்டுவட நீரைத் தொடுபவற்றுக்கு 2.15 மட்டுமே. வெளிப்புண்ணுக்குத்தானே என்று விட்டுவிட முடியாது, தீக்காயத்தில் தோல் என்ற மதிலே இல்லை.

காயவைத்து விற்கலாமா?

வெறுங்காற்றில் காயவைத்தால் நான்கு மில்லிமீட்டர் படலம் எண்ணெய்த்தாள் மாதிரி ஆகிவிடும். மறுபடி நீரில் போட்டாலும் பழைய தடிமனுக்கு வராது. இழைகள் ஒன்றோடொன்று நிரந்தரமாக ஒட்டிக்கொண்டுவிடும். உறைய வைத்து உலர்த்தினால் நுண்துளைகள் பெரும்பாலும் தப்பும், செலவு அதிகம். நாங்கள் ஈரமாகவே, கொஞ்சம் அழுத்திப் பாதி நீரை எடுத்துவிட்டு, உறையில் அடைக்கிறோம்.

கிருமிநீக்கம்?

ஈரப் படலத்துக்கு ஆட்டோகிளேவ் எளிது, உறை தாங்க வேண்டும். காமா கதிர் என்றால் வழக்கமான அளவு 25 கிலோகிரே. கதிர் செல்லுலோஸ் சங்கிலியைக் கொஞ்சம் அறுக்கும் என்பதால், கதிருக்கு முன்னும் பின்னும் இழுவிசை பார்க்க வேண்டும்.

மஞ்சள், தேன், வெள்ளி எல்லாம் சேர்த்தால் இன்னும் நல்லதாயிற்றே?

எல்லா மாணவருக்கும் முதலில் வரும் ஆசை இது. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரையாது. 99 சதவீதம் நீர் உள்ள படலத்தில் அதைச் சீராக ஏற்றுவது சிரமம். வெள்ளி கிருமியைக் கொல்லும், அளவு கூடினால் புதுத்தோல் செல்லையும் கொல்லும். பி.எச்.எம்.பி. என்ற கிருமிநாசினி ஏற்றிய செல்லுலோஸ் கட்டுகள் ஐரோப்பாவில் விற்பனையில் இருக்கின்றன. ஆனால் மருந்து சேர்த்த நிமிடத்தில் உங்கள் பொருள் சட்டத்தின் பார்வையில் வேறு வகுப்புக்கு ஏறிவிடும். முதலில் வெறும் படலத்தைச் சுத்தமாக, ஒரே மாதிரியாக, நூறு முறை செய்து காட்டுங்கள். அதற்குப் பிறகு மஞ்சள்.

விற்க என்ன உரிமம் வேண்டும்?

2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் பொருந்தும். ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என நான்கு வகுப்பு. வெறும் தடுப்பாக மட்டும் இருக்கும் கட்டு கீழ் வகுப்பு. புண்ணின் ஈரச் சூழலைப் பேணுவது என்றால் பி. தோலின் உள்ளடுக்கு வரை கிழிந்து, ஓரங்கள் சேர்ந்து மூடாமல் அடியிலிருந்து சதை வளர்ந்துதான் ஆற வேண்டிய புண்ணுக்கு என்றால் சி. ஆக, உறையில் நீங்கள் எழுதும் ஒரு வரி உங்கள் வகுப்பைத் தீர்மானிக்கிறது. 'எல்லாப் புண்ணுக்கும்' என்று ஆசையில் எழுதிவிடாதீர்கள்.

ஏ, பி வகுப்புக்கு மாநில உரிம அதிகாரி எம்.டி.-5 என்ற தயாரிப்பு உரிமம் கொடுப்பார். சி, டி வகுப்புக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எம்.டி.-9 கொடுக்கும். விற்காமல், சோதனைக்கு மட்டும் சிறு அளவில் செய்ய எம்.டி.-13 வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு நேராக ஆலைக்கு இடம் பார்க்கப் போகிறார்கள். கூடவே ஐ.எஸ்.ஓ. 13485 தரமுறை, ஐ.எஸ்.ஓ. 10993 உயிரிணக்கச் சோதனைகள். அதில் செல் நச்சுச் சோதனையில் செல்களின் உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் தோல்வி. எங்கள் முதல் மாதிரி அதில் தோற்றது. காரம் முழுதாகப் போகவில்லை. மேலே சொன்ன இரவுக் காத்திருப்பு ஏன் வேண்டும் என்பதை அதுவும் காட்டியது.

நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் எந்த நோயாளிக்கும், சொந்தக்காரருக்கும்கூட, இட்டுப் பார்க்காதீர்கள்.

இதெல்லாம் மதுரையில் ஆகிற காரியமா? பெங்களூருக்குப் போக வேண்டாமா?

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் மதுரையில் தயாராகி உலகத்துக்குப் போகிறது. அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் தொடங்கியது, லென்ஸுக்காக ஆரோலேப் 1992இல் வந்தது. கண்ணுக்குள் நிரந்தரமாக இருக்கப்போகும் பொருளையே இந்த ஊரில் சுத்தமாகச் செய்ய முடிகிறது என்றால், தோலின் மேல் பத்து நாள் இருக்கும் படலத்தைச் செய்ய முடியாதா? ஊர் தடையில்லை. நோட்டில் எழுதும் பழக்கம் இல்லாததுதான் தடை.

உடம்புக்குள் வைக்கலாமா?

நம் உடம்பில் செல்லுலோஸைச் செரிக்கும் நொதி கிடையாது. வைத்தால் அப்படியே இருக்கும். மூளையின் உறையை ஒட்டுப்போட இதே செல்லுலோஸால் செய்த பொருள் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது, கரையாமல் இருப்பது அங்கே நன்மை. எங்கள் படலம் வெளிப்புண்ணுக்கு மட்டும்.

கழிவு நீரை என்ன செய்கிறீர்கள்?

வளர்ப்பு நீர் புளிப்பு, கழுவிய நீர் காரம். வளர்ப்பு நீரை வேகவைத்துக் கிருமியைக் கொன்ற பிறகு இரண்டையும் கலந்தால் பெருமளவு ஒன்றையொன்று தணிக்கும். பி.எச். சரிபார்த்த பின்தான் வெளியே விடுகிறோம். வைகைக்கு ஏற்கெனவே போகும் சாக்கடை போதும்.

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு எதை எடுக்கலாம்?

புதுக் கலவை வேண்டாம். ஒரே முறையில் பத்துத் தட்டு வளர்த்து, உலர் எடை, தடிமன், இழுவிசை மூன்றிலும் தட்டுக்குத் தட்டு எவ்வளவு வித்தியாசம் என்று அளந்து கொடுங்கள். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். எங்களுக்கு வேலைக்கு ஆள் எடுக்கும்போது அந்த மாதிரி நோட்டைத்தான் முதலில் புரட்டுகிறோம்.

நேரில் வந்து பார்க்கலாமா?

தாராளமாக வாருங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால் கழுவும் நாளாகப் பார்த்துச் சொல்வோம். வளரும் அறையைக் கண்ணாடி வழியாகத்தான் காட்ட முடியும். பழமோ, பூவோ, தயிர்ச்சோற்று டப்பாவோ கையில் இருந்தால் வாசல் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். தலையில் மல்லிகை வைத்து வரும் அக்காமாருக்கும் இதே வேண்டுகோள், பூவோடு ஈஸ்டும் உள்ளே வந்துவிடும். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம், வாடாமல் இருக்க ஈரத்துணி போட்டு வைக்கிறோம்.